கன்றுகளின் தள்ளாட்டம்: மேய்ச்சல் நாட்குறிப்பு

செப்டம்பர் 9
எட்டு, பத்து மாதக் கிடேரிகளில் நான்குக்கு நடுக்கம். சும்மா நிற்கும்போது தலை லேசாக ஆடுகிறது, கழுத்துத் தசை துடிக்கிறது, அவ்வளவுதான். ஓட்டினால்தான் நோய் வெளியே வருகிறது: முன்னங்கால் விறைக்கிறது, பின்புறம் அலைகிறது, பக்கவாட்டில் சரிகின்றன. தொடாமல் விட்டால் சில நிமிடங்களில் எழுந்து மேய்கின்றன. உடல்வெப்பம் 38.9 டிகிரி செல்சியஸ், கன்றுக்கு இது இயல்புதான். கண்பார்வையில் குறையில்லை.

செப்டம்பர் 10
பார்வை போய், சுவரில் தலையை முட்டினால் ஈய நச்சையோ தயமின் (வைட்டமின் பி1) குறைவையோ நினைக்கலாம். அப்போது மருத்துவர் தயமின் ஊசியை (கிலோ எடைக்கு 10 மி.கி.) தள்ளிப்போடமாட்டார். பிறவியிலேயே தள்ளாடினால் சிறுமூளைக் குறை. இங்கே இரண்டும் இல்லை. மக்னீசியக் குறைவிலும் நடுக்கமும் இழுப்பும் வரும் என்பதால், அதன் அளவைப் பார்க்க இரத்தம் எடுத்தாயிற்று. மக்னீசிய மருந்து ஏற்றிவிட்டு மாதிரி எடுத்தால் அந்த அளவை நம்ப முடியாது.

செப்டம்பர் 11
மேய்ச்சலில் பாஸ்பாலம் புல் கதிர்விட்டு நிற்கிறது. கதிரை உருவினால் விரலில் பிசுபிசுப்பு. கம்புப் பயிரில் வரும் தேன் ஒழுகல் நோய் மாதிரியே. சில மணிகளுக்குப் பதிலாகச் சாம்பல்மஞ்சள் உருண்டைகள். கிளாவிசெப்ஸ் பாஸ்பாலி என்ற பூஞ்சைதான். நடுக்கம் தரும் நஞ்சு இந்த உருண்டைகளில் இருக்கிறது, இலையில் இல்லை. பச்சைப்பசேல் இலையைப் பார்த்து ஏமாறுவது இதனால்தான். உருண்டை முற்றும் பருவம்தான் மோசம்.
கதிர்களைக் காகித உறையில் போட்டோம். பிளாஸ்டிக் பையில் வேர்த்து வேறு பூசணம் பிடித்துவிடும்.

செப்டம்பர் 12
இடமாற்றம். நாய் இல்லை, கோல் இல்லை. கன்றின் நடைக்கே விட்டு, குட்டையும் வாய்க்காலும் இல்லாத வழியாக. இந்த நோயில் நஞ்சால் சாவதைவிட நீரில் விழுந்தும் அடிபட்டும் சாவதே அதிகம். சமதரையில் அடைத்து, தண்ணீரும் உலர்புல்லும் எட்டும் தூரத்தில் வைத்தோம். உலர்புல் வேறு நிலத்தினது: காய்ந்த உருண்டையிலும் நஞ்சு இருக்கும்.
மாற்றுமருந்து கிடையாது. எழமுடியாத கன்றை நெஞ்சுமேல் நிமிர்த்தி உட்காரவைத்து, சில மணிக்கொரு முறை பக்கம் மாற்றவேண்டும்.

செப்டம்பர் 15
இரத்த முடிவு வந்தது: மக்னீசியம் டெசிலிட்டருக்கு 2.0 மி.கி. இழுப்பு வருவது பெரும்பாலும் 1.2-க்குக் கீழே. அந்தச் சந்தேகம் தீர்ந்தது. மூன்று கன்றுகள் நேராக நடக்கின்றன. நான்காவது வேகமாகத் திரும்பும்போது மட்டும் தடுமாறுகிறது.

செப்டம்பர் 19
நான்கும் சரி. நிலத்தில் கதிர் மட்டத்துக்கு வெட்டினோம். வெட்டியதை வாரி வெளியேற்றாவிட்டால் கன்றுகள் தரையில் பொறுக்கித் தின்னும். மறுகதிர் சீக்கிரமே வரும். மாடுகளைத் திரும்ப விடும்முன் வேலியோரத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும், வெட்டும் எந்திரம் எட்டாத இடம் அதுதான்.