இருபத்தொரு பாட்டு

போன மாதம் மகள் காய்ச்சலில் படுத்திருந்தாள். அவள் பாதியில் விட்டிருந்த நாவலைத் தலைமாட்டில் உட்கார்ந்து நான் படிக்க ஆரம்பித்தேன். மோர்கன் மேட்சன் எழுதி 2010-இல் வந்த ‘ஏமி அண்ட் ரோஜர்ஸ் எபிக் டிடூர்’. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கான அமெரிக்கக் கதை.

ஏமி கார் விபத்தில் அப்பாவைப் பறிகொடுத்தவள். அம்மா கனெக்டிகட்டுக்குக் குடிபோய்விட்டார். கலிபோர்னியாவில் நிற்கும் காரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஏமி ஸ்டியரிங்கைத் தொடமாட்டாள். குடும்ப நண்பரின் மகன் ரோஜர் ஓட்டுகிறான். அம்மா வகுத்துக் கொடுத்த வழியை விட்டுவிட்டு இருவரும் சுற்றுவழியில் போகிறார்கள். நடுநடுவே கடை ரசீதுகள், ரோஜர் தொகுத்த பாட்டுப் பட்டியல்கள் எல்லாம் அப்படியே அச்சாகியிருக்கின்றன.

எனக்கு அந்தப் பாட்டுகள் எதுவும் தெரியாது. பட்டியல் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். மகள் பார்த்துவிட்டாள். “அம்மா, அதக் கேட்டுக்கிட்டே படிக்கணும்!” என்று கைபேசியில் வரிசையாகப் போட்டுக் கொடுத்தாள். நெவாடாவின் 50-ஆம் நெடுஞ்சாலை வரும் பகுதியை அப்படித்தான் படித்தேன். 1986-இல் ‘லைஃப்’ இதழ் ‘அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை’ என்று பெயர் வைத்தது அதற்குத்தான். ஊரும் இல்லை, ஆளும் இல்லை. காருக்குள் பாட்டு மட்டும். அப்போதுதான், வகுப்புத் தோழர்களே, நம்முடைய பாட்டுப் பட்டியல் ஞாபகம் வந்தது.

1989. நாம் ஆறாம் ஆண்டு. ஆரம்பப் பள்ளி முடிவில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். சோதனை முடிந்து, சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்குச் சுற்றுலா. வகுப்பில் இருபத்தொரு பேர். பேருந்தில் கேசட் போடலாம் என்று தெரிந்ததும் வாத்தியார் ஒரு காரியம் செய்தார். ஆளுக்கு ஒரு பாட்டு, ஆளுக்கு முப்பது சென். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயரும் பாட்டும் எழுதிக்கொண்டு, டவுன் கேசட் கடையில் கொடுத்துத் தொண்ணூறு நிமிட நாடாவில் பதிவு செய்து வாங்கி வந்தார். பாதிக்கு மேல் இளையராஜா. ஒருத்தி மட்டும் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு கேட்டாள்; அதுதான் முதல் பாட்டு, சாமி பாட்டோடு தொடங்கட்டும் என்று.

எனக்கு எதைச் சொல்வதென்று தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டேன். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு முடிந்து வந்து திண்ணையில் சாய்ந்திருந்தார். அவர் கோலாலம்பூர் பார்த்ததே இல்லை. டி.எம்.சௌந்தரராஜன் பாட்டு ஒன்றைச் சொல்லி, “நான் வராட்டி என்ன, என் பாட்டு போய்ப் பாத்துட்டு வரட்டும்” என்றார்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல்தான் முழுதாகத் திறந்தது. நமக்கு வாய்த்தது பழைய கூட்டரசுச் சாலை. விடியற்காலை நாலரைக்குத் தோட்டத்தை விட்டுப் புறப்பட்டோம். ஈப்போ, கோப்பெங், கம்பார் ஈயக் குட்டைகள், தாப்பா, பீடோர். ஒவ்வொரு ஊரிலும் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, பத்துமலையின் 272 படிகளுக்குக் கீழே இறங்கும்போது பத்து மணி. அதற்குள் கேசட் மூன்று முறைக்கு மேல் சுழன்றுவிட்டது. இன்றைக்கும் நமக்கு வரிசை மறக்காமல் இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

தாப்பா தாண்டி நாடா சிக்கியது ஞாபகம் இருக்கிறதா? வாத்தியார் பென்சிலைச் செருகிப் பொறுமையாகச் சுற்றி எடுத்தார். சிக்கிய இடம் அப்பாவின் பாட்டு. அதிலிருந்து இரண்டாம் சரணத்தில் ஒரு வரி தண்ணீருக்குள் பாடுவது போல நெளியும். ஆண்டு முடியும்வரை வகுப்பில் அந்தக் கேசட் ஓடியதால் அந்த நெளிவோடுதான் பாட்டு எனக்குள் பதிந்தது. இப்போது சுத்தமான பதிவைக் கேட்டால், அந்த வரி சும்மா கடந்து போய்விடுகிறது. எனக்கு என்னவோ போலிருக்கும்.

ஏமியின் அப்பாவுக்கு எல்விஸ் பிரெஸ்லி என்றால் உயிர். மெம்ஃபிஸில் எல்விஸ் வாழ்ந்த கிரேஸ்லேண்டுக்கு, அப்பா இல்லாமல் அவள் போகும் பகுதி வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். என் அப்பா கடைசிவரை கோலாலம்பூர் பார்க்கவில்லை. மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

படித்து முடித்த கையோடு மகள் என் பட்டியலைக் கேட்டாள். எழுதிப் பார்த்தேன், பதினாலு வந்தது, ஏழு வரவில்லை. அந்த நோட்டு இப்போது யாரிடம் இருக்கிறது? தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயத்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள். வாத்தியார் வீட்டில் இருந்தால் உண்டு. தைப்பிங் பக்கம் இருப்பவர்கள் யாராவது போய்க் கேட்டுப் பார்க்க முடியுமா?

இன்னொன்று. கடைசிப் பாட்டு முழுதாகப் பதிவாகவில்லை. முதல் சரணத்தின் நடுவில் நாடா தீர்ந்து ‘டக்’ என்று நின்றுவிடும். அதைக் கேட்டது கடைசி வரிசையில் சன்னலோரம் உட்காரும் பையன். ஒவ்வொரு முறையும் நின்றபோது அவன் வெளியே பார்த்துக்கொண்டே மீதியை வாய்க்குள் பாடி முடித்தான். பக்கத்தில் இருந்த எனக்குப் பாதிதான் கேட்டது. தம்பி, இந்த மலர் உன் கைக்கு வந்தால் அது என்ன பாட்டு என்று எழுது. மகள் அந்த இருபத்தொன்றாவது வரியைக் காலியாக வைத்திருக்கிறாள்.