லிங்கனில் ஒரு சிவப்பு வெள்ளிக்கிழமை

அமெரிக்காவின் பெரிய விளையாட்டு லீக்குகள் எதிலும் நெப்ராஸ்கா மாநிலத்துக்கென்று ஓர் அணி கிடையாது. கூடைப்பந்து, பேஸ்பால், ஐஸ் ஹாக்கி எல்லாமே பக்கத்து மாநிலங்களில்தான். ஏறக்குறைய இருபது லட்சம் மக்கள், கண்ணுக்கெட்டிய தூரம் சோளமும் சோயாவும், நடுவே ஒரு பல்கலைக்கழகம், அதற்கு ஒரு கால்பந்து அணி. கால்பந்து என்றால் இங்கே ஹெல்மெட் போட்டு மோதிக்கொள்ளும் அமெரிக்கக் கால்பந்து. அந்த அணியின் பெயர் ஹஸ்கர்ஸ். லிங்கன் நகரிலுள்ள அதன் மெமோரியல் ஸ்டேடியத்தில் 1962 நவம்பர் முதல் ஓர் ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மீந்ததில்லை. அணி ஜெயித்துக்கொண்டே இருந்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் 2017 முதல் 2023 வரை ஒவ்வொரு சீசனிலும் வெற்றிகளைவிடத் தோல்விகளே அதிகம். அப்படியும் மைதானம் நிரம்பியது. இதை நேரில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. 2023 தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் அது நிறைவேறியது.

சிகாகோ பக்கத்திலிருந்து ஐ-80 நெடுஞ்சாலையைப் பிடித்தால் மேற்கே ஒரே நேர்சாலை. இலினாய் தாண்டி மிசிசிப்பியைக் கடந்ததும் அயோவா. அறுவடை முடிந்து, சோளத் தட்டையின் அடிக்கட்டைகள் மட்டும் வரிசையாக நிற்கும் வயல்கள். வால்காட்டில் உலகின் மிகப் பெரிய லாரி நிறுத்தம் என்று பெயரெடுத்த அயோவா 80-இல் காபி குடிக்க இறங்கினேன். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற குடும்பம் முழுக்கக் கறுப்பு-மஞ்சள் உடையில் இருந்தது. அயோவா அணியின் நிறம் அது. மறுநாள் ஹஸ்கர்ஸோடு மோதப்போவது அவர்கள் அணிதான். அவர்களும் லிங்கனுக்குத்தான் போகிறார்கள். நான் யார் பக்கம் என்று அந்த வீட்டுப் பையன் கேட்டான். நெப்ராஸ்கா என்றதும், பரிதாபமாகப் பார்த்து ‘குட் லக்’ சொன்னான். உண்மையாகவே நல்ல மனதோடு சொன்னான்.

இரவு ஓமஹாவில் நண்பர் வீடு. பிரியாணி, ரசம், கூடவே அமெரிக்க முறைக்கு ஒரு பூசணிக்காய்ப் பை. நண்பர் ஐடி வேலைக்காக இங்கே வந்து குடியேறியவர். மகள் இப்போது அதே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சாப்பிடும்போதே அவள் கணக்கைச் சொல்லிவிட்டாள். “அங்கிள், ஆறு ஜெயிச்சாத்தான் பௌல் ஆட்டத்துக்குப் போக முடியும். நாம அஞ்சு. நாளைக்குத்தான் கடைசி சான்ஸ்.” சீசன் முடிந்தபின் நடக்கும் கௌரவ ஆட்டங்கள்தான் பௌல் ஆட்டங்கள். ஹஸ்கர்ஸ் கடைசியாக ஒன்றில் ஆடியது 2016 சீசனில். ஐந்தாவது வெற்றி வந்தபின் ஒன்றே ஒன்று போதும் என்ற நிலையில் மூன்று ஆட்டங்களை வரிசையாகத் தோற்றிருந்தார்கள். மூன்றும் நூலிழைத் தோல்விகள்.

இந்த அணியின் பழைய கதை தெரியாவிட்டால் இந்த வலி புரியாது. 1970, 1971, 1994, 1995, 1997 என்று ஐந்து தேசியப் பட்டங்கள். டாம் ஆஸ்போர்ன் 25 சீசன் கோச்சாக இருந்தார். ஒரு சீசனில்கூட ஒன்பது வெற்றிக்குக் கீழே இறங்கவில்லை. பின்னாளில் மக்கள் அவரை அமெரிக்கக் காங்கிரசுக்கே அனுப்பிவைத்தார்கள். 1961க்குப் பிறகு வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த சீசன் என்பதையே நெப்ராஸ்கா பார்த்தது 2004இல்தான். அதற்கு முந்தைய வருடம், ஒன்பது ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த கோச்சை நிர்வாகம் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அந்தக் கோபம் இங்கே பலருக்கு இன்னும் ஆறவில்லை. கேட்டால் நேற்று நடந்ததுபோலப் பேசுகிறார்கள்.

அப்புறம் வந்த கோச்சுகளில் ஸ்காட் ஃப்ராஸ்ட் மீதுதான் மாநிலமே உயிரை வைத்திருந்தது. உட் ரிவர் என்ற இந்த மாநிலத்துச் சிற்றூரில் வளர்ந்தவர், 1997 பட்டம் வென்ற அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் வீரர். மண்ணின் மைந்தன் திரும்பி வந்துவிட்டான் என்று கொண்டாடினார்கள். ஆனால் அவர் பொறுப்பில் கிடைத்தது 16 வெற்றி, 31 தோல்வி. அதிலும் 2021 சீசன் ஒரு தனி வேதனை: ஒன்பது தோல்விகளில் எதுவுமே ஒன்பது புள்ளி வித்தியாசத்துக்கு மேல் இல்லை. சீசன் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் எதிரணிகளைவிட ஹஸ்கர்ஸ் எடுத்த புள்ளிகள்தான் அதிகம். ஆனாலும் வெறும் மூன்று வெற்றி.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். ஓமஹாவிலிருந்து லிங்கன் ஒரு மணி நேரம். ஊர் வருவதற்கு முன்பே தலைமைச் செயலகத்தின் 400 அடிக் கோபுரம் தெரிகிறது. உச்சியில் விதை தூவும் ஒரு மனிதனின் சிலை. சாலையில் முன்னும் பின்னும் சிவப்புக் கொடி கட்டிய வண்டிகள்.

ஹேமார்க்கெட் பகுதியில் வண்டியை விட்டுவிட்டு நடந்தோம். பழைய செங்கல் கிடங்குகள் இப்போது உணவகங்களாகிவிட்டன. வாகன நிறுத்தங்களில் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து அடுப்பு மூட்டியிருந்தார்கள். நண்பரின் அலுவலகத் தோழர்கள் ஒரு கூட்டமாக நின்றிருந்தார்கள். பெரிய பாத்திரத்தில் சில்லி கொதித்தது. மாட்டுக்கறியும் பீன்ஸும் போட்ட காரக் குழம்பு அது. அதோடு லவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரோல் ஒன்றைக் கையில் திணித்தார்கள். நெப்ராஸ்காவில் பள்ளிக்கூடத்து மதிய உணவிலேயே இந்த ஜோடி உண்டாம். காரத்தில் இனிப்பைத் தொட்டுச் சாப்பிடத் தயங்கினேன். இரண்டாவது வாயில் பிடித்துவிட்டது. அந்தக் குளிருக்கு அதைவிடச் சரியான சாப்பாடு இருக்க முடியாது.

மைதானம் 1923இல் கட்டப்பட்டது. போர்களில் இறந்த நெப்ராஸ்காக்காரர்களின் நினைவாக, மாணவர்களும் பழைய மாணவர்களும் மற்றவர்களும் கொடுத்த நன்கொடையில் எழுந்தது. வாயில்களுக்கு மேலே, கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த ரசிகர்கள் இந்த வழியாகத்தான் செல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறது. தென்மேற்கு மூலைக்கு நண்பரை வற்புறுத்தி அழைத்துப் போனேன். இந்தப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த ஹார்ட்லி பர் அலெக்சாண்டர் எழுதிய வரிகள் அங்கே இருக்கின்றன: வெற்றியல்ல, செயல், இலக்கல்ல, ஆட்டம், செய்ததில்தான் பெருமை. தலைமைச் செயலகச் சுவர்களில் உள்ள வாசகங்களை எழுதியவரும் இவர்தான்.

கீதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வரிகள் புதிதல்ல. ஆனால் இங்கே இதற்கு ஓர் ஆட்டமே சாட்சி. 1984 ஜனவரி, ஆரஞ்ச் பௌல், எதிரே மயாமி. கடைசி நிமிடத்தில் பந்தை எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் ஆறு புள்ளி தரும் டச் டவுன் எடுத்தும் ஹஸ்கர்ஸ் ஒரு புள்ளி பின்னால் நின்றார்கள். ஓர் உதை உதைத்தால் ஒரு புள்ளி, ஆட்டம் சமன். தேசியப் பட்டமும் அநேகமாகக் கைக்கு வந்திருக்கும். ஆஸ்போர்ன் சமன் வேண்டாம் என்று, பந்தை மறுபடி கோட்டைத் தாண்டிச் சேர்த்தால் கிடைக்கும் இரண்டு புள்ளிக்கு முயன்றார். பந்து தவறியது. 31-30, தோல்வி. ஐந்து பட்டங்களைப் பற்றிக் கேட்டாலும் இந்த ஊர்ப் பெரியவர்கள் முதலில் சொல்வது இந்தத் தோல்வியைத்தான்.

உள்ளே போய் உட்கார்ந்தபோது மூச்சடைத்தது. 85,000 பேருக்கு மேல், ஏறக்குறைய அத்தனையும் சிவப்பு. ஆட்டம் நடக்கும் நாளில் ஓமஹாவுக்கும் லிங்கனுக்கும் அடுத்து இந்த மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் இந்த மைதானம்தான். மொத்த மக்களில் நூற்றுக்கு நான்கு பேர் ஒரே கிண்ணத்துக்குள் இருக்கிறார்கள்.

என் இடப்பக்கம் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. நார்த் பிளாட் பக்கத்துப் பண்ணைக்காரர். நான்கு மணி நேரம் வண்டியோட்டி வந்திருக்கிறார். காதில் ரேடியோ, கண்ணெதிரே நடப்பதையும் வர்ணனையில் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி. அந்த இருக்கை அவருடைய அப்பா வாங்கியது, அவர் போனபின் இவருக்கு வந்தது. என் விரல்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே பையிலிருந்து ஒரு சூட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக் குலுக்கிக் கொடுத்தார். நானும் பதிலுக்கு ஒரு ரன்ஸா வாங்கிக் கொடுத்தேன். மாட்டுக்கறிக் கொத்து, முட்டைக்கோஸ், வெங்காயம் வைத்துச் சுட்ட நீள ரொட்டி அது. பிட்டதும் ஆவி முகத்தில் அடித்தது. முதல் புள்ளி விழுந்ததும் ஆயிரக்கணக்கான சிவப்பு பலூன்களைப் பறக்கவிடும் வழக்கம் முன்பு இருந்ததாம். ஹீலியம் தட்டுப்பாட்டால் 2022இல் நின்றுவிட்டது. அதைச் சொல்லும்போது அவர் வானத்தைக் கையால் காட்டினார்.

சொந்த மைதானத்தில் அந்தச் சீசனின் கடைசி ஆட்டம் அது. படிப்பு முடித்துப் போகும் வீரர்களை அழைத்துக் கைதட்டினார்கள். இந்த உடையில் ஒரு பௌல் ஆட்டம்கூட ஆடாதவர்கள் அவர்களில் பலர். கைதட்டல் அடங்கவே இல்லை.

அயோவா ஒன்பது ஆட்டம் ஜெயித்துவிட்டு வந்திருந்தது. ஆனாலும் ஹஸ்கர்ஸ் விடவில்லை. நீளமான ஒரு பாஸில் டச் டவுன் வந்தபோது காலடியில் இருந்த இரும்புப் படியே அதிர்ந்தது. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுப்பது ஃபீல்டு கோல். அயோவாவின் அப்படிப்பட்ட இரண்டு உதைகளை நம்மவர்கள் கையால் தடுத்தார்கள். பார்த்தீர்களா, “நம்மவர்கள்” என்றே எழுத வருகிறது. 10-10. அதன்பின் வெகுநேரம் யாரும் புள்ளி எடுக்கவில்லை. கடைசி சில நொடிகளில் ஹஸ்கர்ஸ் வீசிய பந்து எதிரணிக்காரர் கையில் போய் விழுந்தது. அடுத்து அயோவா ஒரே ஓட்டத்தில் இருபது கெஜத்துக்கு மேல் வந்துவிட்டது. இரண்டு முறை தடுக்கப்பட்ட உதைகாரரை உட்காரவைத்து, அந்தச் சீசனில் அயோவாவுக்காக ஃபீல்டு கோலே முயலாத இன்னொருவரை அனுப்பினார்கள். 38 கெஜ உதை. பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. 13-10.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பக்கத்து அம்மா ரேடியோவைக் கழற்றினார், இருக்கை மெத்தையைத் தட்டினார், போர்வையை நான்காக மடித்தார். வருடா வருடம் இப்படியே திரும்பிப் போவது கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது, வீடு போய்ச் சேரும்வரை பேசக்கூட மாட்டேன் என்றார். டிக்கெட்டை விட்டுவிடலாமே என்றேன். விட்டால் இவர்களையெல்லாம் எங்கே போய்ப் பார்ப்பது என்று முன்வரிசையையும் பின்வரிசையையும் காட்டினார். பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவே மைல் கணக்கில் தூரம். பின்வரிசைக் குடும்பத்தின் மூன்று தலைமுறையையும் அவருக்குத் தெரியும். எல்லாம் இந்தப் படிக்கட்டுப் பழக்கம்தான்.

திரும்பும்போது நண்பர் வேறு பக்கம் பேசினார். ஆடினாலும் ஆடாவிட்டாலும் டிக்கெட் விற்றுவிடுகிறது, அப்புறம் நிர்வாகம் எதற்குப் பயப்படும்? இந்த விசுவாசம்தான் அணியைக் கெடுக்கிறது என்பது அவர் வாதம். இதை வேறு பலரிடமும் கேட்டிருக்கிறேன். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஃப்ராஸ்டை 2022 செப்டம்பரில் நீக்கினார்கள். மூன்று வாரம் பொறுத்து அக்டோபர் 1 வரை காத்திருந்தால் கொடுக்க வேண்டிய இழப்பீடு பாதியாகியிருக்கும். பொறுக்கவில்லை, சுமார் ஒன்றரைக் கோடி டாலர் போனாலும் போகட்டும் என்று அனுப்பினார்கள். பயமில்லாத நிர்வாகம் செய்கிற காரியமா இது? மக்கள் வருவதை நிறுத்தினால் அணி திருந்தாது, நார்த் பிளாட் அம்மாவுக்குப் போக இடமில்லாமல் போகும், அவ்வளவுதான்.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. 2021இல் மிஞ்சிய டிக்கெட்டுகளைச் சில நன்கொடையாளர்கள் வாங்கிக்கொண்டதால்தான் சாதனை தப்பியது, இது ஏமாற்று என்கிறார்கள். அந்த டிக்கெட்டுகள் வசதி குறைந்த வீட்டுக் குழந்தைகளுக்குப் போயின. அந்தக் குழந்தைகள் உள்ளே வந்ததைவிட நல்ல முறையில் ஓர் இருக்கை நிரம்ப முடியாது என்றுதான் நினைக்கிறேன். அதே 2023 ஆகஸ்ட் 30 அன்று இதே மைதானத்தில் பல்கலைக்கழகப் பெண்கள் வாலிபால் ஆட்டத்துக்கு 92,003 பேர் வந்தார்கள். பெண்கள் விளையாட்டுக்கு அது உலகச் சாதனைக் கூட்டம் என்று அறிவித்தார்கள். கால்பந்து வெறி மட்டும் என்றால் அந்த 92,003 பேரை எப்படி விளக்குவது?

1962இல் டிக்கெட் மீறாத இந்தத் தொடர் தொடங்கிய, மிசௌரி அணிக்கெதிரான ஆட்டத்தில் ஹஸ்கர்ஸ் 16-7 என்று தோற்றார்கள் என்பதைப் பின்னால்தான் படித்தேன். 2024இல் டிக்கெட் தீர்ந்த ஆட்டங்களின் எண்ணிக்கை 400ஐத் தொட்டது. அந்த நவம்பரில் விஸ்கான்சினை 44-25 என்று வென்று ஆறாவது வெற்றி வந்தது. மாணவர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். அடுத்த வாரமே அயோவாவிடம் மறுபடி 13-10, மறுபடி கடைசி நொடி உதை! ஆனால் டிசம்பரில் நியூயார்க்கில் பாஸ்டன் கல்லூரியை 20-15 என்று வென்று பௌல் கோப்பையைத் தூக்கினார்கள். நண்பரின் மகள் அனுப்பிய குரல் செய்தியில் கத்தல் மட்டும்தான் கேட்டது.

போக நினைப்பவர்களுக்கு: குளிரைத் தவிர்க்க செப்டம்பர், அக்டோபர் ஆட்டங்கள் உத்தமம். லிங்கனில் விடுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும், ஓமஹாவில் தங்கலாம். மைதானத்துக்குள் கைப்பைக் கட்டுப்பாடு உண்டு, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமைச் செயலகத்தின் 14ஆவது மாடிக்கு ஏறிப் பார்க்கத் தவறாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் நெரிசலுக்குப் பயந்து ஓடிவிடாதீர்கள். எதிரணி வெளியேறும் வழிக்கு அருகே நில்லுங்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் அவர்களுக்குக் கைதட்டுவது இங்கே பழைய வழக்கம். அன்று அயோவாக்காரர்களுக்கும் சிலர் தட்டினார்கள். நானும் தட்டினேன்.