போர்வெல் தண்ணீரையும் ஒகேனக்கல் தண்ணீரையும் ஒரே சம்ப்பில் விடாதீர்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் முதலில் வரும் பதில் "உப்புத் தண்ணி" என்பதுதான். குழாயில் வெள்ளைப் படிவு, நுரைக்காத சோப்பு, வேகாத துவரம்பருப்பு எல்லாமே அந்த ஒரே பேரில் அடங்கிவிடும். இந்த மூன்றும் கடினத்தன்மையின் வேலை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். தொல்லைதான், ஆனால் உடம்புக்குப் பெரிய கேடு இல்லை. இங்கே உண்மையில் பயப்பட வேண்டியது ஃபுளோரைடுக்கு. அதற்கு நிறமும் கிடையாது, ருசியும் கிடையாது, படிவும் கிடையாது.

இந்திய தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 10500 குடிநீர் அளவுகளில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு ஆதாரமே இல்லை என்றால் 600 வரை அனுமதி உண்டு. ஃபுளோரைடுக்கு அந்த இரண்டு எண்களும் 1.0, 1.5. இந்த மாவட்டங்களின் கிரானைட், நைஸ் பாறைகளில் உள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் கனிமங்களிலிருந்துதான் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் இறங்குகிறது. இதில் பலரும் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடோடு சேர்ந்து கால்சியம் ஃபுளோரைடாகப் படிந்து, ஓரளவுக்கு மேல் கரையவிடாது. கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் கூடிய தண்ணீரில்தான் ஃபுளோரைடு தாராளமாகக் கரையும். ஆகவே "எங்க போர்ல சோப்பு நல்லா நுரைக்குது, அது நல்ல தண்ணிதான்" என்ற முடிவுக்கு வரவே கூடாது. அப்படிப்பட்ட போரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும், அதுவும் வீட்டில் எட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால். நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயது அது. அப்போது ஏறும் காவிக் கறை பின்னால் எந்தப் பேஸ்டுக்கும் போகாது.

இதற்காகவே வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு கூடிப் பல்லும் எலும்பும் கெடும் நோய்) பாதிப்புக் குறைப்புத் திட்டம். ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவின் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டி 2013-ல் திறந்தார்கள். காவிரித் தண்ணீரைச் சுத்திகரித்து இரண்டு மாவட்டத்துக்கும் குழாயில் அனுப்புகிறார்கள். அந்தத் தண்ணீர் தெருக்குழாய் வரை ஒழுங்காக வந்தாலும், வீட்டு வாசலைத் தாண்டியதும் பல வீடுகளில் வீணாகிவிடுகிறது. காரணம், ஒரே சம்ப். குடிநீர் இணைப்பும் அதில்தான் விழும், போர் மோட்டாரும் அதில்தான் விழும். கணக்குப் போட்டுப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு 0.5, போரில் 3 என்று வைத்துக்கொண்டால், பாதிக்குப் பாதி கலந்தால் 1.75. உச்ச அனுமதி அளவையே தாண்டிவிட்டது.

பெரிய செலவில்லாத வழி, குடிக்கவும் சமைக்கவும் தனி டேங்க். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இந்த இரண்டுக்கும் சேர்த்து நாளைக்கு 25 லிட்டர் தாராளம். தண்ணீர் வாரம் ஒருமுறைதான் வருகிறது என்றாலும் 175 லிட்டர்தான் ஆகிறது, 300 லிட்டர் டேங்க் போதும். தெரு இணைப்பு நேராக அதில் விழட்டும். அங்கிருந்து சமையலறைக்கு ஒரே ஒரு குழாய். தெருக்குழாயின் அழுத்தம் மாடிக்கு ஏறாது என்றால் டேங்கைக் கீழேயே மேடை கட்டி வையுங்கள். தெரு இணைப்பில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுவது சட்டப்படி தப்பு என்பது ஒருபுறம். குழாய் எங்கேயாவது கசிந்திருந்தால் அந்த உறிஞ்சலில் சாக்கடைத் தண்ணீரும் உள்ளே வந்துவிடும், அதுதான் பெரிய ஆபத்து.

தனி டேங்க் வைத்த வீடுகளிலும் ஒரு ஓட்டை இருக்கும். "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று பிளம்பர் இரண்டு லைனுக்கும் நடுவில் ஒரு டீ (T வடிவ இணைப்புத் துண்டு) போட்டு கேட் வால்வு வைத்திருப்பார். சில வருடங்களில் கேட் வால்வுக்குள் உப்பு படிந்து முழுசாக மூடாது. அழுத்தம் கூடிய போர் லைன் மெல்ல நல்ல தண்ணீர்ப் பக்கம் கசியும். இதைக் கண்டுபிடிக்கத்தான் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் உதவும். தண்ணீர் விடும் நேரத்தில் தெரு இணைப்பிலேயே ஒரு டம்ளர் பிடித்து அளந்து எழுதி வையுங்கள். மறுநாள் சமையலறைக் குழாயில் அளக்கவும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். சமையலறையில் நூறு, இருநூறு கூடுதலாகக் காட்டினால் போர் கலக்கிறது என்று அர்த்தம். அந்த இணைப்புத் துண்டை வெட்டி எடுத்து இரண்டு முனையிலும் எண்ட் கேப் ஒட்டச் சொல்லுங்கள். புது வால்வு மாற்றுவது தீர்வாகாது.

டிடிஎஸ் மீட்டரை இந்த ஒப்பீட்டுக்கு மட்டும் நம்பலாம். கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்ற தோராயக் கணக்கைத்தான் அது சொல்லும். அதில் கால்சியம் எவ்வளவு, ஃபுளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. 3 மில்லிகிராம் ஃபுளோரைடு அந்த மீட்டரில் ஒரு அசைவையும் காட்டாது.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பைகார்பனேட்டால் வரும் தற்காலிகக் கடினத்தன்மை பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உட்காரும். ஃபுளோரைடு ஆவியாகாது. மூன்று லிட்டரை இரண்டாகச் சுண்ட வைத்தால் 2 மில்லிகிராம் 3 ஆகிவிடும்.

போரை விட்டால் வழியில்லாத வீட்டுக்கு ஆர்ஓ (மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி வடிகட்டும் மெஷின்) நல்ல தீர்வு. மெம்பிரேன் நன்றாக இருக்கும்வரை ஃபுளோரைடில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஆனால் பல மாடல்களில் டிடிஎஸ் கண்ட்ரோலர் என்று ஒரு சின்ன திருகு வால்வு இருக்கும். ருசிக்காக வடிகட்டாத தண்ணீரில் கொஞ்சத்தை மெம்பிரேனைச் சுற்றிக்கொண்டு வந்து சுத்தத் தண்ணீரில் சேர்க்கும் வால்வு அது. வேறு ஊரில் பரவாயில்லை, இங்கே அது வேண்டாத வேலை. மெம்பிரேன் 0.2 தருகிறது, போரில் 3 இருக்கிறது, முப்பது சதவீதம் கலக்கிறது என்றால் டம்ளரில் விழுவது 1.04. சர்வீஸ் ஆளிடம் அதை முழுசாக மூடச் சொல்லுங்கள். கழிவுக் குழாயில் வரும் தண்ணீரில் ஃபுளோரைடு இன்னும் கூடியிருக்கும். தரை துடைக்கலாம், சாம்பாருக்கு ஊற்றக் கூடாது. ஒகேனக்கல் தண்ணீர் கலப்பில்லாமல் கிடைக்கும் வீட்டில் ஃபுளோரைடுக்காக ஆர்ஓ வாங்க வேண்டியதில்லை.

இனி கடினத்தன்மை. அதற்கு மருந்து தேவைப்படுவது கீசர், வாஷிங் மெஷின் இரண்டுக்கும்தான். சாஃப்ட்னர் என்பது கடினத்தன்மையைப் பிடித்துவைக்கும் பிசின் மணிகள் நிரப்பிய வெசல். அந்தப் பிசினில் ஒரு லிட்டர் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 600 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள தண்ணீர் நாளைக்கு 300 லிட்டர் போனால் 180 கிராம். 25 லிட்டர் பிசின் உள்ள வெசல் ஏழு நாள் தாங்கும். பிறகு 3 முதல் 4 கிலோ கல்லுப்பை முப்பது, நாற்பது லிட்டர் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, அரை மணி நேரமாவது மெதுவாக பிசின் வழியே விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்துவிட்டால் உப்பெல்லாம் சாக்கடைக்குப் போகும், பிசின் பழையபடிதான் இருக்கும். அந்தக் கழிவை மாமரத்தடியில் விடாதீர்கள், மரம் கருகும். சாஃப்ட்னர் ஃபுளோரைடை எடுக்காது. 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்குப் பதிலாக 46 மில்லிகிராம் சோடியத்தைத் தண்ணீரில் சேர்க்கும். எனவே அந்த லைன் சமையலறைக்குப் போகக் கூடாது, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் கண்டிப்பாகப் போகக் கூடாது. கடினத்தன்மைக்கு மருந்து என்று குழாயில் கட்டும் காந்தத்தை விற்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: காந்தத்துக்கு முன்னும் பின்னும் கடினத்தன்மையை லேபில் அளந்து காட்ட முடியுமா?

சாஃப்ட்னர் இல்லாவிட்டால் கீசரை 50, 55 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு ஏற ஏறப் படிவும் ஏறும். சடசடவென்று சத்தம் வந்தால் காயிலில் கட்டிவிட்டது என்று பொருள். எம்சிபியை அணைத்து, தண்ணீரை வடித்து, பிளேட்டின் போல்ட்களைக் கழற்றி காயிலை வெளியே எடுக்கவும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து, குமிழி நிற்கும்வரை இரண்டு மூன்று மணி நேரம் ஊற வைத்தால் பொருக்கு தானாக உதிரும். கத்தியால் சுரண்டினால் மேல் உறை கீறி ஷாக் அடிக்கலாம். பாத்ரூம் ஆசிட் கிட்டேயே வரக் கூடாது. டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் ராடு பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடவும், அமுங்கிப்போன கேஸ்கெட்டையும் மாற்றவும். திரும்ப மாட்டிய பிறகு சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் நிறைந்து வரும்வரை ஸ்விட்ச் போட வேண்டாம், வெறும் டேங்கில் காயில் சில நிமிடத்திலேயே எரிந்துவிடும்.

சோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீர் கொடுக்கலாம். மோட்டாரை ஐந்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் கேனை மூன்று முறை அலசி, இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேனில் பிடிக்கவும். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். பழைய எண்ணெய்க் கேன், ஜூஸ் பாட்டிலும் வேண்டாம். கிருமிச் சோதனையும் வேண்டும் என்றால் அதற்குக் கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை கொடுங்கள். போர் மட்டம் இறங்கும்போதும் ஏறும்போதும் எண்கள் மாறும்.