பூட்டு பழுது, கதவையே மாற்றச் சொன்னார்கள்

யூபிவிசி என்னும் பிளாஸ்டிக் சட்டத்தில் இரட்டைக் கண்ணாடிக் கதவு போட்டிருப்பவர்கள் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டு கரைச்சல் கொடுத்தால் உடனே யாருக்கும் போன் எடுக்க வேண்டாம். கதவை அகலத் திறந்து வைத்து, கைப்பிடியை மேலே தூக்கி, சாவியைத் திருப்பிப் பாருங்கள். திறந்திருக்கும்போது சுகமாகப் பூட்டி, மூடியிருக்கும்போது மட்டும் முரண்டு பிடித்தால் பூட்டில் குறை இல்லை, கதவு இறங்கியிருக்கிறது. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு ஓர் ஆள் கிடைப்பதற்குள் கொழும்பு வரை போய் வெறுங்கையோடு திரும்பி, முழுக் கதவுக்கும் விலை கேட்டுத் தலை சுற்றி, ஏப்ரல் சீசனும் நெருங்கிவிட்டது.

நாங்கள் இருப்பது நுவரெலியாவில். மேல்மாடி அறைகளைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுப்போம். 1868 மீட்டர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லெல்லாம் உறைபனி படிந்து கிடக்கும். இலண்டனில் இருக்கும் அண்ணன்தான் வீடு கட்டும்போது பிடிவாதமாக இந்தக் கண்ணாடிகளைப் போட வைத்தார். குளிருக்கு நல்லதுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். மரக் கதவின் தாழ்ப்பாள் உடைந்தால் டவுனில் எந்த ஹார்ட்வெயாரிலும் வாங்கி மத்தியானத்துக்குள் மாட்டிவிடலாம். இதற்கு அப்படி வழி இல்லை. இலண்டனில் இந்தப் பூட்டுகளைப் பழுதுபார்க்க என்றே ஆட்கள் வேன் வைத்துக்கொண்டு திரிவார்களாம். அதை அண்ணன் போனில் சொன்னபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

பழுது இரண்டு. பல்கனிக் கதவின் கைப்பிடியை மேலே தூக்கவே முடியவில்லை. இரண்டு கையாலும் இழுத்தால்தான் பூட்டியது. அடுத்த அறையில் ஜன்னல் கைப்பிடி சும்மா சுற்றியது, ஜன்னல் பூட்டியபடியே நின்றுவிட்டது.

முதலில் வந்தவர் எங்கள் வீட்டு மர வேலைகளைச் செய்த பாஸ். மர வேலையில் கெட்டிக்காரர். பல்கனிக் கதவைப் பார்த்ததும் சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கிச் சாவித் துவாரத்தில் ஊற்றினார். 24 பாகைக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையத் தொடங்கும். எங்கள் ஊரில் போத்தலைச் சுடுநீரில் வைத்துத்தான் தலைக்கே எடுக்கிறோம். பூட்டுக்குள் மட்டும் அது இளகி நிற்குமா? மறுநாள் காலை சாவி பாதிக்கு மேல் உள்ளே போகவில்லை. “டீச்சர், உள்ளுக்கு இருக்கிற கியர்பொக்ஸ் போயிட்டு. இதெல்லாம் தனியா மாத்த ஏலாது, கதவையே மாத்துங்க” என்றார். கியர்பொக்ஸ் என்பது கைப்பிடியின் அசைவைக் கொக்கிகளுக்குக் கொண்டுபோகும் பூட்டின் உள்பகுதி. ஜன்னலுக்கு அவர் சொன்ன வைத்தியம் இன்னும் மோசம்: கண்ணாடியை உடைத்துத்தான் திறக்க வேண்டுமாம். அதற்கு முன்னால் கைப்பிடியின் அடித்தகட்டை உளியால் நெம்பிப் பார்த்தார். அந்தக் கீறல்கள் வெள்ளைச் சட்டத்தில் இப்போதும் இருக்கின்றன.

அந்த அடித்தகட்டை நெம்பவே தேவையில்லை. பல கைப்பிடிகளில் அது ஒரு மூடிதான். சற்றே தூக்கிக் கால் வட்டம் திருப்பினால் கீழே இரண்டு ஸ்க்ரூ தெரியும். இதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்து, கதவு போட்ட கம்பனி. பெயர் வேண்டாம். போன் எடுத்த பிள்ளை மரியாதையாகத்தான் பேசினாள், ஆனால் எதைக் கேட்டாலும் கடைசியில் ஒரு கடதாசியில் போய் நின்றது. பில் இருக்கிறது என்றேன். பில் போதாது, வாரண்டி கார்ட் வேண்டுமாம். அதை கொந்தராத்துக்காரர் எங்கள் கையில் தரவே இல்லை. அவருடைய நம்பரும் இப்போது வேலை செய்வதில்லை. சரி, நிலையின் உள்பக்கத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும் இலக்கத்தைச் சொல்லுங்கள் என்றாள். குடிபுகும் முன்பு வீட்டைத் துடைத்துத் தந்தவர்கள் அந்த ஸ்டிக்கர்களையெல்லாம் சுரண்டி எடுத்திருந்தார்கள். இதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு, பூட்டு, கைப்பிடிக்கான உத்தரவாதம் ஒரு வருடம்தான், அது எப்போதோ முடிந்துவிட்டது என்றாள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா? உதிரிப்பாகமும் தனியாகத் தர மாட்டார்களாம். கொழும்புக்கு வெளியே ஆள் வந்து பார்க்க முன்பணம் கட்ட வேண்டும், பார்த்துவிட்டு முழுக் கதவுக்கு விலை சொல்வார்கள்.

புதிதாகப் போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஸ்டிக்கரைச் சுரண்டுவதற்கு முன் ஒவ்வொரு கதவு, ஜன்னலிலும் அதைப் போன் கமெராவில் எடுத்து வையுங்கள். கதவின் ஓரத்தில் ஓடும் இரும்புத் தகட்டில் பொறித்திருக்கும் எழுத்தையும் எடுங்கள். வாரண்டி கார்ட் கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

கம்பனி கைவிட்டதும் கியர்பொக்ஸை நாமே வாங்கிவிடலாம் என்று கொழும்புக்குப் புறப்பட்டேன். படம் எடுத்துக்கொண்டு போனால் போதும், பழைய சோனகத் தெருவில் எதுவும் கிடைக்கும் என்று பாஸும் டவுன் ஹார்ட்வெயார்க்காரரும் ஒரே குரலில் சொன்னார்கள். கினிகத்தேனை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் இறங்கினால் அது வெள்ளிக்கிழமை மதியம். ஜும்மாவுக்காகப் பல கடைகள் மூடியிருந்தன. வெயிலில் காத்திருந்து, திறந்ததும் படத்தைக் காட்டினேன். முதலாளி போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “படத்த வச்சு என்ன செய்றது? சாம்பிள் எங்க?” பக்கத்துக் கடையிலும் அதே கேள்வி. பௌர்ணமி விடுமுறையான போயா நாளிலும் வெள்ளி மதியத்திலும் அந்தப் பக்கம் போக வேண்டாம். சாம்பிள் இல்லாமல் எந்த நாளும் போக வேண்டாம்.

அன்றைக்கு ஒரே ஒரு நல்ல மனிதரைப் பார்த்தேன். சந்து மாதிரி இருந்த ஒரு கடையில் வயதான நானா ஒருவர் உட்கார வைத்து, என்னென்ன அளக்க வேண்டும் என்று பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். கதவுப் பூட்டு என்றால், கைப்பிடிக் கம்பி போகும் சதுர ஓட்டையின் நடுவிலிருந்து சாவித் துவாரத்தின் வட்டப் பகுதியின் நடு வரை உள்ள தூரம். 92 மில்லிமீட்டரும் உண்டு, 85 மில்லிமீட்டரும் உண்டு, ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. அடுத்தது, ஓரத் தகட்டின் முகத்திலிருந்து அந்தச் சதுர ஓட்டையின் நடு வரை எவ்வளவு என்பது; 28, 35 என்று பல அளவுகள். பிறகு ஓரத் தகட்டின் அகலம், அது 16ஆ 20ஆ என்று. கடைசியாகக் கம்பியின் தடிப்பு, கதவுக்குப் பெரும்பாலும் 8. ஜன்னல் கைப்பிடி என்றால் கம்பி 7 மில்லிமீட்டர், இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு இடையில் 43. இவை அனேகமாக எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், கம்பியின் நீளம் மட்டும் மாறும். “சாமான் வாங்காம போறீங்களேன்னு கவலப்படாதீங்க மகள், அளவு சரின்னா கொரியர்ல போட்டுடலாம்” என்றார். அந்தக் கடதாசிதான் அன்றைய பயணத்தில் மிச்சம்.

இதற்கிடையில் எங்களை ஸ்டேஷனிலிருந்து ஏற்றிவரும் த்ரீவீல்காரத் தம்பி, கந்தப்பளையில் ஒரு பையன் இருக்கிறான், கட்டாரில் பெரிய கட்டடங்களுக்கு இந்தக் கண்ணாடிதான் பொருத்தினான், இப்போது ஊரோடு வந்துவிட்டான் என்றார். வரச் சொன்னோம். ஒரு சின்னப் பை, அதில் எலன் கீ கட்டு, பிளாஸ்டிக் துண்டுகள், ரப்பர் சுத்தியல்.

வந்தவர் பூட்டைத் தொடவே இல்லை. முதலில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் தூக்கினார். ஒரு விரலால். மேலும் கீழும் உள்ள கொக்கிகள் வெளியே வந்து நின்றன. “டீச்சர், இந்த கியர்பொக்ஸுக்கு ஒன்னுமில்ல. கதவு தொங்கிருக்கு, அதான் கொக்கி தகட்டுல முட்டுது. இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருந்தீங்கன்னா உண்மையாவே உடைஞ்சிருக்கும்.” கொழும்புக்குப் போய் நான் வாங்க நின்ற சாமானுக்குத் தேவையே இருக்கவில்லை! அந்த வெள்ளிக்கிழமை கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கு அப்போதுதான் நன்றி சொன்னேன்.

ஏன் தொங்கியது என்பதையும் காட்டினார். 5 மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 25 கிலோ பாரம். அந்தப் பாரத்தைப் பிளாஸ்டிக் சட்டம் தனியாகத் தாங்காது. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில், பிணைச்சல் பக்கத்துக் கீழ் மூலையிலும் பூட்டுப் பக்கத்து மேல் மூலையிலும் துண்டுகளை இறுக்கி வைத்தால் கண்ணாடியே குறுக்குச் சட்டம் போல நின்று கதவைத் தூக்கிப் பிடிக்கும். எங்கள் கதவில் மேல் மூலையில் துண்டே இல்லை. கீழே இருந்ததும் இடம் மாறிக் கிடந்தது. பொருத்தியவர்கள் அவசரத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், அதை மறைக்கத்தான் கம்பனி முழுக் கதவு விற்கப் பார்த்ததோ என்று இப்போதும் ஒரு சந்தேகம் எனக்கு.

கண்ணாடியைப் பிடித்து நிற்கும் உள்பக்கத்துப் பட்டியை, அதாவது பீடிங்கை, நீளமான பக்கத்திலிருந்து கழற்றினார். எது எந்தப் பக்கம் என்று பென்சிலால் குறித்தும் வைத்தார், மாறினால் மூலை சேராது. துண்டுகளை வைத்து, பிணைச்சலை எலன் கீயால் கொஞ்சம் உயர்த்தி, நிலையிலுள்ள தகடுகளைச் சற்றே நகர்த்தினார். தேநீர் ஆறுவதற்குள் கதவு ஒரு கையால் பூட்டியது. நான் அதைத் திறந்து, பூட்டி, மறுபடி திறந்து பார்த்ததைக் கண்டு பிள்ளைகள் சிரித்தார்கள்.

தேங்காய் எண்ணெய் குடித்த சிலிண்டரை, அதாவது சாவி நுழையும் பாகத்தை, மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. கதவின் ஓரத்தில் ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றி, சாவியைச் சற்றே திருப்பி இழுத்தால் வந்துவிடும், சின்ன வேலை. அளவெடுக்கும்போது மொத்த நீளத்தைச் சொல்லிவிட்டு வராதீர்கள். ஸ்க்ரூ ஓட்டையின் நடுவிலிருந்து உள்பக்கம் எவ்வளவு, வெளிப்பக்கம் எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் திருடன் முறுக்கி உடைக்க வசதியாகப் போய்விடும்.

ஜன்னலில் கண்ணாடியை உடைக்கவில்லை. மூடியைத் திருப்பி, இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றியதும் கைப்பிடி கையோடு வந்தது. கம்பி கைப்பிடிக்குள்ளேயே ஒடிந்திருந்தது. பையில் இருந்த வேறொரு கைப்பிடியைச் செருகித் திருப்பினார், ஜன்னல் திறந்தது. கம்பி நல்லபடி இருந்தும் கைப்பிடி சுற்றினால்தான் உள்ளே இருக்கும் கியரைச் சந்தேகப்பட வேண்டுமாம்.

புதுக் கைப்பிடிக்கு நானாவின் கடைக்குப் போன் செய்தேன். கம்பி 35 என்று வட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பினேன். கடைப் பையன் 25 போட்டு அனுப்பிவிட்டான். கொரியர் காசு இரண்டாம் தடவையும் என் தலையில். நீளமாக வந்தால் இரும்பு வாளால் அறுத்துக்கொள்ளலாம், குட்டையாக வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. சந்தேகமாக இருந்தால் நீளத்தையே கேளுங்கள்.

கூலி எவ்வளவு என்று கேட்டதற்குத் தயங்கித் தயங்கி அவர் சொன்ன தொகை, நான் கொழும்புக்குப் போய்வந்த செலவைவிடக் குறைவு. கூட்டித்தான் கொடுத்தேன்.

போகும்போது பராமரிப்பும் சொல்லிவிட்டுப் போனார். ஓரத் தகட்டில் தெரியும் கொக்கிகளுக்கும் ஜன்னல் உருளைகளுக்கும் வருடத்தில் ஓரிரு முறை தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. சிலிண்டருக்குள் எந்த எண்ணெயும் வேண்டாம். சாவியின் பல்லில் பென்சில் முனையைத் தேய்த்து உள்ளே விட்டு எடுத்தால் போதும். ஏற்கனவே எண்ணெய் பட்ட சிலிண்டரில் இதைச் செய்தால் சேறாகிவிடும். நிலையின் அடியில் தண்ணீர் வெளியேறும் சிறு ஓட்டைகளைத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே குத்திச் சுத்தம் செய்ய வேண்டும். எங்களுடையதில் பூச்சியும் தூசியும் அடைத்து, உள்ளே தண்ணீர் தேங்கி, கீழ் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்திருந்தன.

சீசனுக்கு முதல் ஆட்கள் வருவதற்குள் எல்லாம் முடிந்தது. ஒன்றைத் தவிர. பின்பக்க ஜன்னலில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் பனி படிந்து நிற்கிறது. எந்தப் பக்கம் துடைத்தாலும் போகாது, ஓரத்து ஒட்டு விட்டு ஈரம் உள்ளே போயிருக்கிறது. அதற்கும் முழு ஜன்னலை மாற்றச் சொல்வார்கள், கேட்காதீர்கள். கண்ணாடிச் சோடியை மட்டும் மாற்றலாம். அகலம், உயரம், மொத்தத் தடிப்பு மூன்றையும் கந்தப்பளைத் தம்பியே அளந்து கொழும்புக்கு அனுப்பியிருக்கிறார். விலை இன்னும் வரவில்லை.