தோற்ற பிள்ளைக்கு என்ன மிஞ்சுகிறது?

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பார்களா என்பதுதான் ஆண்டுதோறும் எங்கள் டெல்டாவில் முதல் பேச்சு. பள்ளி அலுவலகத்துக்குள் அடுத்த பேச்சு, ஜூலையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும் சுற்றறிக்கைகளைப் பற்றியது. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, இன்ஸ்பயர் விருது, கலைத் திருவிழா, தமிழ் வளர்ச்சித் துறையின் பேச்சுப் போட்டிகள், என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு, ஊரகத் திறனாய்வுத் தேர்வு என்று அரையாண்டுத் தேர்வுக்குள் ஒரு கோப்பே நிறைந்துவிடும். திருவாரூர் மாவட்டத்தில் வெண்ணாற்றுப் பாசன வாய்க்கால் ஒன்றை ஒட்டிய அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கும் என்னிடம், எந்தப் போட்டியாக இருந்தாலும் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல ஜெயிச்சா என்ன டீச்சர் கிடைக்கும்?"

நியாயமான கேள்விதான். ஆனாலும் மாவட்ட அளவில் கூடும் பிள்ளைகளில் மாநில அளவுக்குப் போகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற அனைவரும் அன்று மாலை பங்கேற்புச் சான்றிதழோடு பேருந்து ஏறுகிறவர்களே. ஆகவே தோற்றுத் திரும்பும் பிள்ளையிடம் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் ஒரு போட்டியை நான் எடைபோடுகிறேன். அப்படிப் பார்க்கும்போது, பரிசுத்தொகையைக் கொண்டு நாம் போட்டிருக்கும் வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது.

என் கணக்கில் முதலிடம் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் 1993 முதல் நாடு முழுவதும் நடந்துவரும் இந்த மாநாட்டைத் தமிழ்நாட்டில் ஊர் ஊராகக் கொண்டு சென்றது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழை 1987 முதல் நடத்திவருபவர்களும் அவர்களே. பத்து வயது முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகள், தங்கள் ஊரில் கண்ணுக்குத் தெரியும் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, தாங்களே அளந்து, எண்ணி, விசாரித்து, தமிழிலேயே அறிக்கை எழுதி, நடுவர்கள் முன் சில நிமிடங்கள் பேச வேண்டும். விலையுயர்ந்த கருவியோ ஆய்வகமோ தேவையில்லை. முன்பு ஐந்து பேர் கொண்ட குழுவாக இருந்ததைப் பின்னர் இருவராகக் குறைத்துவிட்டார்கள். ஐவர் இருந்தபோது அளக்க ஒருவர், படம் வரைய ஒருவர், பேச ஒருவர் என்று கூச்சமுள்ள பிள்ளைக்கும் ஓர் இடம் கிடைத்தது என்பதால் எனக்கு அதில் இன்னும் மனக்குறை உண்டு.

ஒன்பதாம் வகுப்பு மாணவியர் இருவர் ஒரு முறை எடுத்துக்கொண்ட ஆய்வைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குறுவை அறுவடையும் காலாண்டு விடுமுறையும் எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வரும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். மழை மிகுந்த ஆண்டுகளில் அரசு அந்த வரம்பைத் தளர்த்தும். அந்த 17 வரும் வரை சாலையோரமெங்கும் நெல் காய்ந்துகொண்டிருக்கும். இருவர் வீட்டிலும் அப்பாக்கள் தார்ப்பாயும் கையுமாக நின்றதால், நெல் எங்கே, எவ்வளவு கனமாகப் பரப்பினால் விரைவாகக் காயும் என்பதே அவர்களுடைய கேள்வியாயிற்று.

ஈரப்பதமானியை நாள் முழுக்க யாரும் அவர்களிடம் கொடுத்துவைக்கப் போவதில்லை. ஆகவே தொடக்கத்தில் ஒரே ஒரு முறை கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தரிடம் கேட்டு அளவு பார்த்துக்கொண்டு, மீதியை மளிகைக் கடையின் மின்னணுத் தராசை வைத்துச் சமாளிப்பது என்று முடிவாயிற்று. 22 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோ நெல் 17 சதவீதத்துக்கு வர எவ்வளவு எடை குறைய வேண்டும் என்று நான் கேட்டபோது, இருவரும் கொஞ்சமும் யோசிக்காமல் 50 கிராம் என்றார்கள். எங்கள் ஆசிரியர் அறையிலும் அதே விடைதான் வந்தது. நீர் போகப் போக மொத்த எடையும் குறைவதால், மாறாமல் இருப்பது உலர்ந்த பகுதியான 780 கிராம் மட்டுமே. அந்த 780 கிராம் மொத்தத்தில் 83 சதவீதம் ஆகும்போது எடை சுமார் 940 கிராம், அதாவது குறைய வேண்டியது 60 கிராம். நாற்பது கிலோ மூட்டைக்கு இது ஏறக்குறைய 2 கிலோ 400 கிராம் தண்ணீர். எட்டாம் வகுப்பில் சதவீதக் கணக்கை முழு மதிப்பெண்ணோடு கடந்து வந்த பிள்ளைகள், சதவீதம் எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்ற கேள்வியை முதன்முதலாக எதிர்கொண்டது களத்துமேட்டில்தான்.

சிமெண்டுக் களம், தார்ச் சாலை, தார்ப்பாய் ஆகிய மூன்றிலும் மெல்லிய பரப்பு, கனத்த பரப்பு என்று வைத்து, மணிக்கு ஒரு முறை எடை போட்டு நாட்குறிப்பில் எழுதிவந்தார்கள். இரண்டாம் நாள் காலையில் ஒருத்தி ஓடி வந்து, "டீச்சர், தராசு கெட்டுப் போச்சு, ராத்திரியில நெல்லு எடை கூடியிருக்கு" என்றாள். தராசு நன்றாகத்தான் இருந்தது. இரவில் மூடாமல் விட்ட நெல் பனியையும் காற்றின் ஈரத்தையும் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. மாலையில் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும் என்று எந்த விவசாயியும் சொல்வார். எவ்வளவு கிராம் கூடும், அதை மறுபடி விரட்ட மறுநாள் எவ்வளவு நேர வெயில் செலவாகும் என்று எண்ணால் சொன்னது இவர்கள்தாம். மிக மெல்லியதாகப் பரப்பிக் கடும் வெயிலில் வேகமாகக் காயவைத்தால் மணியில் வெடிப்பு விழுந்து, அரைக்கும்போது நொய் கூடிவிடும் என்பதை அரிசி ஆலைக்காரர் ஒருவர் சொல்ல, அதையும் சேர்த்துக்கொண்டார்கள். அதோடு விரைவாகக் காய்வதே நல்லது என்ற அவர்களுடைய முதல் ஊகம் சரிந்தது. அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

மாவட்ட அளவில் அவர்கள் தேர்வாகவில்லை. தேர்வான குழுக்களில் சிலவற்றின் அறிக்கை ஆசிரியர் கைவண்ணம் என்பது நடையைப் பார்த்தாலே தெரிந்தது. அறிக்கையைவிட நாட்குறிப்பைப் புரட்டிப் பார்க்கும் நடுவர்கள் அமைவது அந்தந்த ஆண்டின் அதிர்ஷ்டம். ஆனால் அடுத்த அறுவடையில் அந்த இருவரில் ஒருத்தியின் அப்பா, மூட்டை பிடிப்பதற்கு முன் மகளை அழைத்து ஒரு கிலோ நெல்லை நிறுத்துப் பார்க்கச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். பங்கேற்புச் சான்றிதழ் எந்தப் பரணில் கிடக்கிறதோ தெரியாது.

இதற்கு நேர் எதிரே வைக்க வேண்டியவை, பாடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு தனியார் நிறுவனங்கள் நடத்தும் ஒலிம்பியாடு தேர்வுகள். நகரத்து மெட்ரிக் பள்ளிகளில் பரவியிருந்த இவை இப்போது ஒன்றியத் தலைநகரம் வரை வந்துவிட்டன. ஒரு மணி நேரத்தில் ஐம்பது கொள்குறி வினாக்கள்; கேள்விகள் பாடப்புத்தகத்தைத் தாண்டுவது அரிது; தேர்வுக்கான பயிற்சி நூலும் அவர்களிடமே விற்பனைக்கு உண்டு. பள்ளி அளவில் முதலிடம் என்று தங்க நிறப் பதக்கம் கொடுப்பார்கள், அந்த வகுப்பில் எழுதியவர்கள் ஏழெட்டுப் பேராக இருந்தாலும். இதில் தோற்றவருக்கு மிஞ்சுவது இன்னொரு பரீட்சையில் பின்தங்கிவிட்டோம் என்ற எண்ணம் மட்டுமே. வென்றவருக்கும் பதக்கத்துக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. வாடகை வண்டி ஓட்டும் தந்தை ஒருவர் மூன்று பாடங்களுக்குப் பணம் கட்டிவிட்டு, இதை வைத்து ஐ.ஐ.டி.யில் இடம் கிடைக்குமா என்று கேட்டபோது பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அந்தப் பெயருக்கு உரிய உண்மையான போட்டி வேறு. பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடுக்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் நெடும் பாதையின் முதல் படியான ஐ.ஓ.க்யூ.எம். தேர்வில் மூன்று மணி நேரத்துக்கு முப்பது கேள்விகள்தாம். விடைகள் இரண்டிலக்கத்துக்குள் அடங்கும் முழு எண்கள். தேர்ந்தெடுக்க நான்கு விடைகள் தரப்படுவதில்லை என்பதால் குருட்டாம்போக்கில் குறிக்க வழியில்லை. இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் தேசியக் கணிதத் திறன் போட்டியும் யோசிக்கவைக்கும் கேள்விகளைக் கொண்டதே. அதில் ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கான நிலைக்குக் கணித அறிஞர் கப்ரேகர் பெயரையும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கான நிலைக்கு இராமானுஜன் பெயரையும் வைத்திருக்கிறார்கள். இத்தகைய தேர்வில் இரண்டே கேள்விகளைச் சரியாகப் போட்டுவிட்டு வெளியே வரும் பிள்ளைக்கு, அந்த இரண்டும் சொந்தம். போடாத கேள்விகளில் ஒன்றாவது சில நாட்கள் கூடவே வரும்.

இராமானுஜன் பெயரை எடுத்தாயிற்று. கும்பகோணத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு எடுக்காமல் இருக்கவும் முடியாது. டவுன் உயர்நிலைப் பள்ளியில் 1904-இல் அவர் பெற்ற கணிதப் பரிசைப் பற்றி எங்கள் பக்கத்து மேடைகளில் அடிக்கடி பேசுவார்கள். அந்தப் பரிசைவிட, ஏறக்குறைய அதே வயதில் அவர் கைக்குக் கிடைத்த ஜி.எஸ்.கார் என்பவரின் நூல் முக்கியமானது என்பேன். ஆயிரக்கணக்கான தேற்றங்கள், பெரும்பாலும் முழு நிரூபணம் இல்லாமல் அடுக்கப்பட்ட அந்த நூல், மீதியை நீ கண்டுபிடித்துக்கொள் என்று அவரை விட்டுவிட்டது. அதே பிள்ளை கும்பகோணம் அரசுக் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார் என்பதையும் பயிற்சி வகுப்புக்காரர்கள் தங்கள் விளம்பரப் பலகையில் சேர்த்துக்கொள்ளலாம்.

உதவித்தொகைத் தேர்வுகளை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை, ஏனென்றால் அங்கே பணமே பொருள். எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். விவசாயக் கூலி வீட்டில் அது ஒரு பெண் பிள்ளையின் படிப்பு நிற்பதைத் தடுக்கும் தொகை. பதினொன்றாம் வகுப்பில் நடக்கும் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் கிடைக்கிறது. இவற்றுக்காகச் சனிக்கிழமைகளில் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

பேச்சுப் போட்டிகளைப் பற்றி என் தமிழாசிரியர் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். தலைவர்கள் பிறந்தநாள் போட்டிகளில் மாவட்ட அளவில் முதல் பரிசே 5,000 ரூபாய் என்பதால் ஆயத்தம் பலமாக இருக்கும்; நடுவர் அவர்களே என்று தொடங்கி, கை எப்போது உயர வேண்டும் என்பது வரை ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். இரண்டு பள்ளிப் பிள்ளைகள் ஒரே உரையை ஒரே ஏற்ற இறக்கத்தோடு பேசியதை நடுவராக உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். மனப்பாடம்தான் என்றால் திருக்குறள் முற்றோதல் எவ்வளவோ மேல். அங்கே பிள்ளை போட்டியிடுவது 1,330 குறள்களோடு. பக்கத்துப் பெஞ்சு பிள்ளையோடு அல்ல. பாதியில் நின்றாலும் எழுநூறு குறள் நெஞ்சில் இருக்கும்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவை நான் முதலில் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. டெல்டாவில் அதன் பயன் வேறு விதமாக வெளிப்பட்டது. தவிலும் நாதசுரமும் பறையும் வாசிக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர், வீட்டுத் தொழிலை வகுப்பில் சொல்லாமலேயே படித்து முடித்துவிடுகிறார்கள். கணக்கில் தேறாதவன் என்று மட்டும் அறியப்பட்ட ஒருவன், பள்ளி அளவிலான சுற்றில் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபோது வகுப்பே வாய் மூடி உட்கார்ந்திருந்தது. வட்டார அளவிலேயே அவன் தோற்றான். அதற்குப் பிறகு அவனுடைய கணக்கு தேறவில்லை என்றாலும், அவனைக் கூப்பிடும் குரல்கள் மாறின.

இன்ஸ்பயர் திட்டத்தில் ஒரு பள்ளியிலிருந்து ஐந்து யோசனைகள் வரை அனுப்பலாம். தேர்வானால் மாதிரி செய்ய மாணவரின் வங்கிக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரும். யூடியூப்பில் பார்த்த தானியங்கிக் குப்பைத் தொட்டியைத் தவிர வேறு எதையாவது அனுப்புங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடியது. ஆகாயத்தாமரை அடைத்த வாய்க்கால் பள்ளிக்குப் பின்னாலேயே ஓடுகிறது.

பெரிய தடையாக நான் காண்பது நேரம். மாவட்டத் தலைநகரில் நடக்கும் சுற்று காலை பத்து மணிக்கு என்று அறிவிக்கப்பட்டு, விருந்தினர் வந்து, விளக்கேற்றி, பொன்னாடை போர்த்தி முடிக்கவே பன்னிரண்டு ஆகிவிடும். கடைசிக் குழு பேசி முடிக்கும்போது மணி ஐந்தைத் தாண்டும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் உள் கிராமங்களுக்கு அந்த நேரத்தில் பேருந்தே இல்லை. அப்பா பைக்கில் வந்து அழைத்துப் போக முடிந்த பெண்கள் மட்டும் மறு ஆண்டும் பெயர் கொடுக்கிறார்கள். திருவாரூரில் நடக்கும் சுற்றுக்கு முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் குழுக்களை முற்பகலிலேயே பேச அழைத்துவிட்டு, நகரத்துப் பள்ளிகளைப் பிற்பகலில் வைத்துக்கொள்ளலாம். வரிசை எண்ணைக் குலுக்கிப் போடாமல் ஊரின் தொலைவைப் பார்த்துப் போட்டால் போதும், இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை. பொன்னாடைகளை மாலைக்குத் தள்ளிவைத்தால் இன்னும் இரண்டு குழுக்களாவது வெளிச்சத்தில் வீடு போய்ச் சேரும்.