மாமனார் கையில் வாணலி

21 டிசம்பர் 2024, சனி

நேற்று ராத்திரிதான் இங்கிலாந்தில் மாமனார் ஊரான பெரி (Bury) வந்து சேர்ந்தோம். 1974இல் இந்த ஊரைக் கிரேட்டர் மான்செஸ்டரில் சேர்த்துவிட்டார்கள். மாமனாருக்கு அது இன்னும் பழைய லங்காஷயர் மாவட்டம்தான்.

காலையில் என்னைச் சந்தைக்கு அழைத்துப் போனார். நாளைக்குப் பிளாக் புட்டிங் வாங்க வேண்டுமாம். இந்த ஊர் அதற்குப் பேர் போனது. பன்றி ரத்தத்தோடு தானியமும் கொழுப்பும் சேர்த்துக் குடலில் அடைத்து வேகவைத்தது. கடையிலேயே சூடாக ஒன்றைப் பிளந்து, கடுகு விழுது தடவி நீட்டினார்கள். நான் முகம் சுளிப்பேன் என்று மாமனார் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மா கையால் ஆட்டு ரத்தப் பொரியல் தின்று வளர்ந்தவன் நான். இன்னொன்று கேட்டேன். மனிதருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

22 டிசம்பர், ஞாயிறு

வாரம் முழுக்க மாமியார் சமையல். ஞாயிறு காலை மட்டும் அடுப்பு மாமனாருடையது, யாரும் கிட்டே போகக் கூடாது. முதலில் சாசேஜ், சின்னத் தீயில் அரை மணி நேரம். அப்புறம் பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி), பிளாக் புட்டிங் வில்லைகள், பாதியாய் வெட்டிய தக்காளி, காளான். வெந்தது வெந்தது ஓவன் அடுப்புக்குள் போய்ச் சூடாக உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் ஒரே நேரத்தில் தட்டுக்கு வரவேண்டும், அதுதான் வித்தையே. வாணலியில் தங்கிய பேக்கன் கொழுப்பில் ரொட்டியைப் பொரித்தார். போர்க்காலத்தில் வந்த இறைச்சி ரேஷன் 1954 ஜூலையில்தான் முடிந்ததாம். அப்போது அவருக்கு எட்டு வயது. அவருடைய அம்மா அந்தக் கொழுப்பை ஒரு சொட்டு விடாமல் கிண்ணத்தில் வழித்து வைப்பாராம். இவரும் அப்படியே வழித்து வைக்கிறார். டாக்டர் சொன்னதெல்லாம் அந்தக் கிண்ணத்திடம் செல்லாது.

முட்டை கடைசி. ‘நான் போடட்டுமா?’ என்றேன். பதிலே இல்லை.

மாமியாருக்கு டின் பீன்ஸ் தனிக் கிண்ணத்தில். அதன் சாறு முட்டையைத் தொட்டால் அவருக்கு ஆகாது. என் மகள் எல்லாவற்றையும் பிசைந்து, மேலே பிரவுன் சாஸ் ஊற்றிச் சாப்பிட்டாள். பாட்டி பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

26 டிசம்பர், வியாழன்

ஞாயிறு இல்லாவிட்டாலும் இன்று அடுப்பு மாமனாரிடம். கிறிஸ்துமஸ் விருந்தில் மிஞ்சிய உருளைக்கிழங்கையும் களைக்கோசையும் (பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ், குட்டி முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும்) மசித்து, அடி முறுகும் வரை வாட்டினார். ‘பபிள் அண்ட் ஸ்க்வீக்’. வாணலியில் அது போடும் சத்தத்தால் வந்த பெயராம். பச்சை மிளகாய் இரண்டு நறுக்கிப் போட்டிருந்தால் இன்னும் எடுபட்டிருக்கும். சொல்லவில்லை.

முட்டை நேரம் வந்ததும் மாமனார் ஒன்றும் பேசாமல் கரண்டியை என்னிடம் நீட்டினார். ஐந்து முட்டை. நான்கு ஒழுங்காக வந்தன. ஐந்தாவதில் மஞ்சள் கரு உடைந்து ஓடியது.

‘அது உன் தட்டுக்கு’ என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றப் போனார்.