ஒரு மெழுகுக் கட்டிக்காக இரண்டு முறை திருவனந்தபுரம்

அம்மாவின் பெருங்குடலில் இருந்த கட்டியை நாகர்கோவிலில் எடுத்தார்கள். அறுவை சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எட்டாம் நாள் வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். அலைச்சலெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அதற்கும் முன்னால் ஏமாந்த கதை ஒன்று உண்டு. கோலனோஸ்கோபியில் கிள்ளி எடுத்த சதையில் கோளாறு எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. தக்கலைச் சித்தி வரை எல்லோருக்கும் போன் செய்து சொல்லிவிட்டோம். கட்டி இருந்ததோ குடலின் உட்படலத்துக்கு அடியில். இடுக்கி மேல்படலத்தை மட்டும் கிள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. ஸ்கேனில் கட்டி தெரியும்போது பயாப்ஸி 'ஒன்றுமில்லை' என்றால் உடனே லட்டு வாங்கிவிடாதீர்கள்.

எடுத்த கட்டியின் ரிப்போர்ட்டில், 'ஸ்பிண்டில் செல் கட்டி, ஜிஸ்ட்டாக இருக்கலாம், ஐ.எச்.சி. செய்யவும்' என்று இருந்தது. ஜிஸ்ட் என்பது உணவுப்பாதையின் சுவரில் வரும், புற்றாகவும் மாறக்கூடிய ஒரு வகைக் கட்டி. பெரும்பாலும் இரைப்பையிலும் சிறுகுடலிலும் வருவது, பெருங்குடலில் அபூர்வம். ஆனால் ஜிஸ்ட், தசைக்கட்டி, நரம்புறைக் கட்டி மூன்றுமே நுண்ணோக்கியில் நீள நீளமான செல்களாகத்தான் தெரியுமாம். ஐ.எச்.சி. என்ற சோதனையில் செல்களின் அடையாளப் புரதங்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால்தான் எது எதுவென்று பிரியும். மச்சான் அன்றிரவே, ஜிஸ்ட்டுக்குக் கொடுக்கும் இமாடினிப் மாத்திரையின் விலையை விசாரித்துவிட்டார்.

சோதனைக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு லேபைச் சொன்னார்கள். அதற்கு, எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக் வேண்டும். இங்கே ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்தவர் டாக்டரின் கடிதம் கேட்டார். கொண்டுபோனேன். "கையெழுத்து இருக்கிறது, சீல் இல்லையே" என்றார். அந்த டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார். வியாழன் வரை காத்திருந்து, சீல் வாங்கி, பிளாக்கைக் கையில் வாங்கினேன். தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் கூடு, அதில் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் நகக்கண் அளவு சாம்பல் நிறச் சதை. ஓரத்தில் பென்சிலால் ஓர் எண், அதன் பக்கத்தில் 'ஏ1'.

இடவப்பாதி மழையில் வடசேரியில் பஸ் ஏறி, களியக்காவிளை நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தால், லேபில் இருந்த பெண் ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது குடலை வெட்டிய ஓரம். கட்டி ஏ3 முதல் ஏ6 வரை. அதில் ஒன்றைக் கொண்டுவாருங்கள்" என்றார். ரிப்போர்ட்டின் கடைசியில் சிறிய எழுத்தில் எல்லாம் இருந்தது, நான்தான் படிக்கவில்லை. ஆனால் எடுத்துக் கொடுத்தவர் படித்திருக்க வேண்டாமா?

எனவே பிளாக் வாங்கும்போது கவுண்டரிலேயே நின்று எண்ணை ரிப்போர்ட்டோடு ஒத்துப் பாருங்கள். ஏற்கெனவே சீவி ஒட்டிய கண்ணாடிச் சிலைடை மட்டும் கொடுத்து அனுப்பப் பார்த்தால் விடாதீர்கள், ஐ.எச்.சி.க்குப் பிளாக்கிலிருந்து புதிதாகச் சீவ வேண்டும். வெயிலில் நிறுத்திய காரில் பிளாக்கை வைக்காதீர்கள், உள்ளே இருப்பது மெழுகு.

இரண்டாம் பயணத்தில் சிக்கல் இல்லை. ரிப்போர்ட் வந்தது: சி.டி.117 நெகட்டிவ், டாக்-1 நெகட்டிவ், டெஸ்மின் நெகட்டிவ், எஸ்-100 அடர்த்தியாகப் பாசிட்டிவ். முதல் இரண்டும் ஜிஸ்ட்டின் அடையாளம், டெஸ்மின் தசையின் அடையாளம், எஸ்-100 நரம்புறையின் அடையாளம். ஆக, ஜிஸ்ட் அல்ல, ஷ்வானோமா. நரம்புறையில் வரும் சாதுவான கட்டி. முழுதாக எடுத்தாயிற்று, மாத்திரை தேவையில்லை, அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர். அம்மா, "இதற்கா மக்களே இவ்வளவு ஓட்டம்?" என்று கேட்டுவிட்டு மீன் குழம்பைக் கிளறப் போய்விட்டார்.

பிளாக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கவுண்டரில் அதே ஆள். ஒப்படைத்ததற்கு ரசீது கேட்டேன். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"சீல்?" என்றேன்.